வயர் அறுந்தால் எந்த விளக்கு எரியும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயமே என் கோபத்தில்தான் ஆரம்பித்தது. விருதுநகரில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், வத்தல் கடை. மூட்டைகளுக்கு நடுவில் மிளகாய் நெடியில் வளர்ந்ததால்தான் இவள் வாய் இப்படி எரிகிறது என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டாலும் எனக்குக் கோபம் வரும்.

சிவகாசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் காலையில் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய், சாயங்காலம் பஸ்ஸில் திரும்புகிற வேலை. என் வகுப்பில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு கம்பெனிக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ, அச்சாபீசுக்கோ போகிற குடும்பங்கள். மூன்றாம் வருடத்தில் ஒவ்வொருத்தியும் சூட்டை அளக்கிற சென்சார் ஒன்றைத் தன் கையால் செய்து காட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு.

வருடா வருடம் பாதி வகுப்பு ஒரே தலைப்போடு வந்து நிற்கும்: பட்டாசு ஆலைக்கான வெப்பநிலை எச்சரிக்கைக் கருவி. சர்க்யூட் போர்டு மதுரையிலிருந்து ரெடிமேடாக வந்திருக்கும். ரிப்போர்ட் போன வருடத்து அக்கா எழுதியது, அட்டை மட்டும் புதுசு, எழுத்துப் பிழைகூட மாறியிருக்காது. அந்த வருடம் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லா நோட்டையும் மேசையில் தூக்கிப் போட்டேன்.

“ஏம்மா, கம்பெனி கேட்டுல செல்போனை வாங்கி வச்சிட்டுத்தானே உள்ள விடுறாக? பேட்டரியும் பஸ்ஸரும் வச்ச இந்த டப்பாவ மருந்து ரூமுக்குள்ள எவன் விடுவான்? ஒரு பொறி போதாதா? மாமன் மச்சான் அம்புட்டுப் பேரும் அங்கன வேலை பாக்காக, இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?”

அந்தத் தலைப்பையே அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை போட்டேன். உங்கள் வீட்டில் எதன் சூடு தெரிந்தால் ஒரு ஆளுக்காவது உபயோகமோ, அதைத்தான் அளக்க வேண்டும். யாருக்கு உபயோகம் என்பதையும் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

மறுநாள் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தி இட்லி மாவு என்றாள். ஒருத்தி அடைகாக்கிற முட்டை என்றாள். அச்சாபீசில் மை காய்கிற அறை என்று ஒருத்தி சொன்னபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது பெஞ்சில் திருத்தங்கல்லிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். கேட்டால் மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. அவள் எழுந்து, “குளிக்கிற தண்ணி மேடம்” என்றாள்.

சிலர் சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறிவிட்டது.

“குளிக்கிற தண்ணிக்குச் சென்சாரா? கைய விட்டுப் பார்த்தாத் தெரியாதா? கைன்னு ஒண்ணு எதுக்குத்தான் இருக்கு?”

அவள் தலையைக் குனியவில்லை. “எங்க அக்காவுக்குத் தெரியாது மேடம். அவளுக்குக் கையில சூடு தெரியாது” என்றாள்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் தெருவிலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகள் முதலிலிருந்தே சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “சரி, உக்காரு” என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வகுப்பில் முப்பது பேர் முன்னால் வாய் வரவில்லை.

மத்தியானம் அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், அழாமல். அக்காவுக்கு இருபத்து நாலு வயது. கல்யாணம் முடிந்த சில மாதத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் குழாய்க்கு வெடிமருந்து செலுத்துகிற வேலைக்குப் போனாள். போன இடத்தில் தீப்பிடித்தது. அறையில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அக்கா பிழைத்தாள். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துச் செய்கிற வேலை என்பதால் இரண்டு கையும், முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். விரல்கள் மடங்கும், ஆனால் உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அது இரண்டு வருடத்துக்கு முந்தியது. இப்போது அக்காவுக்கு நாலு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மா விடியற்காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு ஆறு மணி வேனில் கம்பெனிக்குப் போய்விடுவாள். இவள் காலேஜுக்கு வந்துவிடுவாள். பகல் முழுக்க அக்காவும் குழந்தையும் மட்டும்தான். இடையில் குழந்தை அசிங்கம் செய்துவிட்டால் வெந்நீர் வைக்க அக்காவுக்குப் பயம். குழாயில் வருகிற பச்சைத் தண்ணீரிலேயே கழுவிக் கழுவிக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது.

“அக்காவோட மாமியா, அந்த அத்தை ஆலங்குளத்துப் பக்கம் இருக்காக. ஆடி கழியவும் பிள்ளைய மட்டும் தூக்கிட்டுப் போயிருவேங்காக. நெருப்பும் தெரியல, தண்ணியும் தெரியல, இவகிட்ட எப்படிப் பச்சப்பிள்ளைய விடுறதுங்காக. மாமா லாரிக்குப் போயிருவாக, அவுக அம்மா பேச்சைத் தட்ட மாட்டாக. அவளாத் தனியாக் குளிப்பாட்டிட்டான்னா பிள்ளைய விட்டுட்டுப் போறேன்னு அத்தை சொல்லியிருக்காக.”

“பக்கத்து வீட்டுல யாரையாச்சும் தண்ணியத் தொட்டுப் பாத்துச் சொல்லச் சொன்னா என்ன?” என்று கேட்டேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டேன்.

“நானும் அதத்தான் சொன்னேன் மேடம். எம் பிள்ளையக் குளிப்பாட்ட ஊர்க்கைய எரவல் வாங்கணுமான்னு அழுதுட்டா.”

அதற்குப் பிறகு அந்தக் கருவி மார்க்குக்கான கருவியாக இல்லை. எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரிந்திருந்தது.

செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தெர்மிஸ்டர் என்று மிளகு அளவில் ஒரு பொருள், அதிலிருந்து இரண்டு கம்பி. சூடு ஏற ஏற அதற்குள் மின்சாரத்துக்கு இருக்கிற தடை குறையும், குளிரக் குளிரக் கூடும். அந்த மாற்றத்தை ஒரு சின்ன ஐ.சி. கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் வைத்த அளவைத் தாண்டினால் சிவப்பு விளக்கு, தாண்டாவிட்டால் பச்சை. அவள் காலியான பேனாக் குழாய்க்குள் அந்த மிளகை வைத்து, தண்ணீர் புகாமல் பசை ஊற்றி அடைத்தாள். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்தாள். கேன்டீனிலிருந்து கொதிக்கிற தண்ணீர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை விட்டு, குழந்தைக்கு ஆகிற சூட்டைக் கொண்டுவந்து அந்த இடத்தில் அளவு வைக்கிற திருகாணியைத் திருப்பி நிறுத்தினாள். கொஞ்சம் சூடு கூடியதும் சிவப்பு வந்தது. பச்சைத் தண்ணீர் விளாவியதும் பச்சை விளக்கு வந்தது. ஒரே நாளில் நாற்பது தடவை சோதித்து நாற்பதையும் நோட்டில் எழுதினாள். இருபது வருடத்தில் எந்த மாணவியும் என்னிடம் நாற்பது தடவை எழுதிக் காட்டியது கிடையாது.

“அக்கா ஒங்களப் பாக்கணும்ங்கா மேடம். ஒரு நாள் வீட்டுக்கு வாரீகளா?” என்று கேட்டாள். ஆடி கடைசி வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, வகுப்பு முடிந்து அவளோடு திருத்தங்கல் போனேன்.

இரண்டு அறை உள்ள வீடு. பக்கத்து அச்சாபீஸ் மிஷின் சத்தத்தில் சுவர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா வாசலுக்கே வந்து, “வாங்க டீச்சர், உக்காருங்க, காப்பி குடிக்கிறீகளா?” என்றாள். நல்ல முகம். முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை. கையைத்தான் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தோல் இழுத்துத் தைத்தது போலப் பளபளவென்று இருந்தது. காப்பி டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“கூசாமப் பாருங்க டீச்சர். பாக்காத மாதிரி இருக்கவுகளப் பாத்தாத்தான் எனக்கு ஒருமாதிரி இருக்கு.”

“சுத்தமாத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“அமுக்குனா ஏதோ படுதுன்னு தெரியும். சூடு, குளிரு தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல துணி இல்லாமச் சோத்துச் சட்டிய எறக்கிட்டேன். மொதல்ல வாடைதான் வந்துச்சு. என்னமோ கருகுதே, அடிப்புடிச்சிருச்சோன்னு சட்டிக்குள்ள பாக்கேன். கருகுனது என் விரலு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தீப்பிடித்த கதையையும் அவளே சொன்னாள். திங்கட்கிழமை காலை. சனிக்கிழமை கலந்த மருந்தில் மிச்சம் இருந்தது. கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், வைத்திருந்தால் தானாகவே சூடேறும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சீசன் அவசரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அறைக்கு அதுதான் வந்திருக்கிறது என்று போர்மேனுக்குத் தெரியும். உள்ளே இருந்த நாலு பேருக்கும் தெரியாது.

“ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதாரு டீச்சர். டீ குடிச்சிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேம்மா, அதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சேன்னாரு.”

“டீ குடிச்சிட்டா?” எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “தெரிஞ்சும் சொல்லாம டீ குடிக்கப் போனானா? அந்த ஆளைச் செருப்பாலேயே அடிக்கணும். நாலு உசுரு உள்ள இருக்குன்னு தெரியாதா அவனுக்கு?”

“அவரும் கெட்ட மனுசன் இல்ல டீச்சர்” என்றாள் அவள்.

“கெட்டவனா இருந்தாக்கூடப் பரவாயில்ல. தெரிஞ்சு வச்சுக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருக்கான் பாருங்க, அவனைத்தான் மன்னிக்கவே கூடாது” என்றேன். நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு குளிப்பாட்டிக் காட்டினாள். சாயங்காலம் என்றாலும் அன்றைக்கு நல்ல புழுக்கம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்றாள். பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். எல்லா ஊரிலும் காலில் முதலில் ஒரு கை தண்ணீர் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டுத்தான் குழந்தையைக் காலில் போடுவார்கள். அவள் காலுக்கும் தெரியாது. பேனாக் குழாயை வெந்நீர் இருந்த பேசினுக்குள் விட்டாள். சிவப்பு. ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்கினாள். சிவப்பு. இன்னும் அரைச் செம்பு. பச்சை எரிந்தது. தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீரைத் தொடவும் இல்லை. குழந்தையை மட்டும் காலில் கிடத்தினாள். அக்கா உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். குழந்தை ஒரு தரம் திடுக்கிட்டது, பிறகு காலை உதைத்து உதைத்துச் சிரித்தது. அக்காவுக்குக் கண்ணெல்லாம் நீர். “பாத்தீகளா டீச்சர், எம் மக சிரிக்கா” என்றாள்.

குளியல் முடிந்து தங்கை வயரை டப்பாவைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தாள். பேனாக் குழாயிலிருந்து வயர் வெளியே வருகிற கழுத்து ஒவ்வொரு சுற்றுக்கும் நெளிந்து நெளிந்து மடங்கியது. அப்போதுதான் என் மண்டையில் பட்டது. இந்த வயர் என்றைக்காவது உள்ளே அறுந்தால், மின்சாரம் போகவே போகாது. தடை எல்லையில்லாமல் கூடிவிட்டது என்று ஐ.சி. எடுத்துக்கொள்ளும். தடை கூடினால் குளிர்ச்சி. குளிர்ச்சி என்றால் பச்சை. செத்துப்போன சென்சார், கொதிக்கிற தண்ணீருக்குள் கிடந்தாலும் பச்சைதான் காட்டும்.

இது ஒன்றும் எனக்குப் புதுசு இல்லை. பழுதானால் கருவி எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு பாடமே உண்டு. வருடா வருடம் நான் நடத்துகிற பாடம்தான், இவர்களுக்கு அடுத்த வாரம் வரவேண்டியது. பரிகாரமும் எனக்குத் தெரியும். அந்த ஐ.சி.க்குள் ஒரே மாதிரி இரண்டு பாதி உண்டு. ஒன்றைத்தான் அவள் பயன்படுத்தியிருந்தாள், மற்றது சும்மா கிடந்தது. நம் ஊர்த் தண்ணீர் எந்தக் காலத்திலும் அவ்வளவு குளிராது. அத்தனை குளிர் என்று காட்டினால் வயர் அறுந்துவிட்டது என்றுதான் அர்த்தம், உடனே சிவப்பை எரி என்று அந்த இரண்டாவது பாதிக்குச் சொல்லிவிடலாம். அரை மணி நேர வேலை.

ஏன் அங்கேயே சொல்லவில்லை? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். அக்கா குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனம் வரவில்லை. விருதுநகர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் உண்மை. புத்தம்புது வயர், நாலு நாளில் அறுந்தா போகும் என்று நினைத்ததும் உண்மை. வெள்ளிக்கிழமை லேபில் வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொன்னால் பாடமாகவும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை அவளை வராந்தாவில் பார்த்தேன். என் கையில் விடைத்தாள் கட்டு. “நாளைக்கு லேபுல ஒண்ணு சொல்லணும், ஞாபகப்படுத்து” என்றேன். “நாளைக்கு இருக்கன்குடிக் கோயில் திருவிழாவுக்கு லீவு மேடம்” என்றாள். “அட ஆமால்ல. சரி, திங்கக்கிழமை” என்று சொல்லிவிட்டு நடந்தேன். நின்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாள். வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே என் மேசைக்கு வந்து டப்பாவை வைத்தாள். முகம் வீங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை வந்திருக்கிறார். இருக்கன்குடிக்குப் போகிற வழி. பேத்தியையும் குளிப்பாட்டிக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், மருமகள் என்ன செய்கிறாள் என்றும் பார்த்துவிடலாம் என்று வந்தவர். அம்மா குளிப்பாட்டுகிறேன் என்றதற்கு அக்கா விடவில்லை. அத்தை கண் முன்னால் தானே செய்து காட்ட வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. பலகையைப் போட்டு, காலை நீட்டி, பேனாக் குழாயைத் தண்ணீரில் விட்டாள். விட்டதுமே பச்சை எரிந்தது. விளாவவே வேண்டாம் போலிருக்கிறதே, பதமாக ஆறிவிட்டதே என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் பேசினுக்குள் விட்டாள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெந்நீரில் ஆவியும் தெரியாது. கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, “பிள்ளையக் குடுங்க அத்தை” என்றிருக்கிறாள். அத்தை குழந்தையின் சட்டையைக் கழற்றி, அரைஞாண் கயிற்றைச் சரிசெய்து, திருஷ்டிப் பொட்டை அழித்து, மெதுவாகத்தான் குனிந்திருக்கிறார். குனிந்தவர் என்ன தோன்றியதோ, கிடத்துவதற்கு முன்னால் ஒரு விரலைத் தண்ணீரில் வைத்தார்.

“அத்தை போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு மேடம். அப்பவும் அக்கா கைய வெளிய எடுக்கல. எதுக்குக் கத்துறீக, பச்சைதானே எரியுதுங்கா. நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன். தோலு அப்படியே...”

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை கோயிலுக்குப் போகவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. அவர் செய்தது தப்பு என்று சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆளுக்கும் வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

டப்பாவைப் பிரித்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பசைக்குள்ளே, கழுத்தில், மயிர் அளவு கம்பி அறுந்திருந்தது. வெளியே பிளாஸ்டிக் உறை முழுசாக இருந்தது. யா அல்லா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“நான் சரியா ஒட்டலையா மேடம்? என் தப்புத்தானே?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. நீ சரியாத்தான் ஒட்டியிருக்க” என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அங்கேயும் சொல்லவில்லை. ஐ.சி.யின் இரண்டாவது பாதியை எப்படி உபயோகிப்பது என்று மட்டும் காட்டினேன். அவள் அன்றைக்கே செய்து முடித்தாள். வயரை வெட்டிப் பார்த்தோம், சிவப்பு. ஒட்டினோம், சரியாக வேலை செய்தது. பேட்டரி இறங்கினால் இரண்டு விளக்குமே எரியாது, எரியாவிட்டாலும் தண்ணீரைத் தொடக் கூடாது என்று டப்பாவின் மேல் பேனாவால் எழுதினாள். வகுப்பில் எல்லோருக்கும் அந்தப் பாடத்தை நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன். மூன்றாவது பெஞ்சைப் பார்க்காமல் நடத்தினேன்.

அடுத்த வாரம் நானாகவே திருத்தங்கல் போனேன். அச்சாபீஸ் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் கட்டு, அதில் மருந்தின் மஞ்சள் கறை. கொடியில் குழந்தையின் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போகிற அவசரத்தில் விட்டுப்போனதாம், அதைத் தினமும் நனைத்துக் காயப்போடுகிறாள் என்று தங்கை என் காதில் சொன்னாள்.

தங்கை புது டப்பாவைக் காட்டினாள். ஒரு செம்பு வெந்நீரில் விட்டாள், சிவப்பு. வயரைப் பிடுங்கினாள், அப்போதும் சிவப்பு. அக்கா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“இப்ப சரியாச் சொல்லுதா?”

“சரியாச் சொல்லுதுக்கா.”

“சரி. எடுத்து வையி” என்றாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். “டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? வயரு அறுந்தா பச்சை எரியும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. இப்படியெல்லாம் எப்போதாவதுதான் ஆகும் என்று இங்கிலீஷ் வார்த்தை நாலைப் போட்டுச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். தங்கை செம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளும் இதைக் கேட்க நினைத்துத்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“தெரியும்” என்றேன்.

“அன்னைக்கு நீங்க வந்திருந்தீகளே, அப்பவேவா?”

“அப்பவே தெரியும். வெள்ளிக்கிழமை லேபுல சொல்லலாம்னு இருந்தேன்.”

சொல்லி முடிக்கும்போதே என் காதில் அது விழுந்துவிட்டது. அவளுக்கும் விழுந்திருக்கும். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

“அவரும் இதத்தான் சொன்னாரு டீச்சர்.”

நான் எழுந்து வெளியே வந்தேன். செருப்பு வாசலில் கிடந்தது. அதைக் காலில் மாட்ட எனக்கு வெகு நேரம் ஆனது.